ஒரே தோட்டாவில் ஏழு பேர்

"ஒரே தோட்டா. ஏழு பேர். வரிசையா சாஞ்சாங்க!" என்றார் ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர். சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த டீயில் பாதி சாஸருக்கும் மீதி அவசரத்தின் சட்டைக்கும் குடிபெயர்ந்துவிட்டது. அந்தக் கை ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலே கடகடத்திருக்கும்.

அவசரம் என்பது துப்பறியும் உதவியாளனின் பட்டப்பெயர். அவனுடைய அண்ணி நிதானம், ஆன்லைன் விளையாட்டு நிறுவனம் ஒன்றில் கள்ளக் கருவிகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது வீட்டு முன்னறையிலேயே துப்பறிகிறார்.

"பெரியவரே, டீயே நிக்க மாட்டேங்குது. தோட்டாவா?" என்றான் அவசரம்.

"என் மகளும் இதையேதான் கேட்டா."

ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டில் அவருடைய அணித் தலைவியே அந்த மகள்தான். வெளியூரில் இருக்கிறாள். அம்மா போன பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதே அந்த விளையாட்டுக்குள்தான். ஏழு பேர் விழுந்த அன்று அவளே புகார் கொடுத்தாள். விளையாட்டின் காவல் மென்பொருள் அவர் மவுஸைச் சோதித்தது. உள்ளே இருந்த ஃபர்ம்வேர், அதாவது மவுஸை இயக்கும் நிரல், தொழிற்சாலையில் எழுதியது அல்ல. கணக்கைப் பூட்டிவிட்டது. அதற்குப் பிறகு மகள் அவர் போனை எடுப்பதில்லை.

"கணக்கு போனா போகட்டும்மா. நான் ஏமாத்தலைன்னு அவ நம்பினா போதும்."

நிதானம் மவுஸைப் புரட்டினார். திருகுகளின் தலையில் சிவப்பு நகப்பூச்சு. உடைந்து, மறுபடி பூசி, மறுபடி உடைந்து, அடுக்கடுக்காக.

"இது யார் பூசினது?"

"தெரியலையே. என் சம்சாரம் ஒரு பாட்டில் வச்சிருந்தா. ஆனா நகத்துல போட்டு நான் பார்த்ததே இல்லை."

"அவங்களுக்கு என்ன வேலை?"

"சர்க்யூட் பலகை சோதிக்கிறது."

அவசரம் மவுஸைப் பிடுங்கிப் படபடவென்று ஆட்டினான். திரையில் அம்பு அசைந்தால்தானே! "செத்துப்போச்சு அண்ணி." பெரியவர் கை வைத்தார். கை உதறியது, அம்பு நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது.

நிதானம் சிப்பிலிருந்த நிரலைப் பொறுமையாகப் படித்தார். பிறகு தன் போனிலிருந்து மகளை வீடியோவில் அழைத்து, பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"கள்ள நிரல்னா எதிரி எங்க நிக்கிறான்னு பார்த்துக் குறியை இழுக்கும். இதுக்கு எதிரியும் தெரியாது, விளையாட்டும் தெரியாது. கை நடுங்குற தாளத்தை மட்டும் கழிக்குது. அதனாலதான் இவன் படபடன்னு ஆட்டினப்போ அம்பு நகரலை. மிச்சமெல்லாம் உங்க அப்பாவோட குறி."

"யார் எழுதினது?" என்றாள் மகள்.

"பலகை வேலை தெரிஞ்சவங்க திருகு தளராம இருக்க நகப்பூச்சு வைப்பாங்க. இதுல எத்தனை அடுக்கு, பாருங்க. நடுக்கம் கூடக்கூட உங்க அம்மா திறந்து திருத்தியிருக்காங்க. மாத்தின கருவி மாத்தினதுதான், பூட்டினது தப்பில்லை. கணக்கு திரும்ப வருமான்னு என்னால சொல்ல முடியாது."

பெரியவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை தேறிட்டு வருதுன்னு உங்கம்மாகிட்ட தினமும் பீத்திக்குவேன். 'ஆமாங்க, நல்லாவே தெரியுது'ம்பா. அப்போ... தேறவே இல்லையா?"

திரையில் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, எதிரிங்க குறுகலான வாசல்ல ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்தப்போ நான் உங்க பக்கத்துலதான் நின்னேன். என் கண்ணு முன்னாலதான் விழுந்தாங்க. ஏழு பேரும். சுட்டது நீங்கதான்ப்பா."