படத்தில் இல்லாத கதவு

காலை பதினோரு மணிக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்:

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுதுபார்க்கும் அவள்.

படங்களுக்குச் சட்டம் செய்யும் தச்சன், அவள் தம்பி.

வீட்டுக்காரம்மா. எழுபது வயது, பச்சைச் சால்வை.

கூடத்துச் சுவரில் இருந்த ஓவியத்தின் மாடி ஜன்னல்களில் மூன்று பேர்.

அந்த மூன்று பேரை அப்போது யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓவியம் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. சுவரோடு வைத்துப் பூசிவிட்டிருந்ததால் கழற்ற முடியாது. அங்கேயே வேலை செய்தாக வேண்டும். அதே வீட்டைத்தான் தெருவிலிருந்து பார்த்து வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணிவிடலாம்போல் இருந்தது. மாடி ஜன்னல்களில் நின்றவர்களுக்கு மட்டும் முகத்தில் கண்ணுமில்லை, வாயுமில்லை. வரைந்தவருக்கு அவர்கள்மேல் அக்கறை இல்லைபோல.

"குச்சி, ஏணியை எங்க வைக்கட்டும்?" என்றான் தம்பி.

"ஏம்ப்பா, கூடப்பிறந்த அக்காவை இப்படியா கூப்பிடுவ?" என்றாள் வீட்டுக்காரம்மா.

"எந்நேரமும் கையில பஞ்சுக் குச்சி. ஆளும் குச்சி. வேற எப்படிம்மா கூப்பிடுறது? ஏழு வயசுல மரத்துல இருந்து விழுந்து கை உடைஞ்சப்போ ஒரே ஒரு தடவை அக்கான்னு கத்தினேன். மறுபடி கூப்பிடணும்னா இன்னொரு கை உடையணும்."

"வாய் மட்டும் உடையவே மாட்டேங்குது உனக்கு" என்றாள் அவள்.

அவன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டது. வலி வந்தால் உடனே கிளம்ப வேண்டும் என்ற பேச்சில்தான் இன்று வேலைக்கே வந்திருந்தான். ஏணியில் ஏறுமுன் போனை அவளிடம் கொடுத்தான். அவள் அதை மேலங்கிப் பையில், வீட்டுக்காரம்மா கொடுத்திருந்த வாசல் சாவியோடு போட்டுக்கொண்டாள்.

"கூப்பிட்டா உடனே எடு. நிதானமா எடுத்துத் தொலைக்காதே."

திரைகளை இழுத்து மூடி, நீல விளக்கைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் பழைய பூச்சு பச்சையாக ஒளிரும். பிற்காலத்தில் யாராவது பூசியது கருப்பாகத் தெரியும். வீடு முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது.

வாசல் கதவு மட்டும் கருப்பு.

கிட்டே போய்ப் பார்த்தாள். தூரிகைத் தடமே இல்லை. விரலால் இழுத்துப் பூசியிருந்தார்கள். நகம் கீறிய கோடுகள்கூட இருந்தன.

"அம்மா, இந்தக் கதவு முதல்ல வரைஞ்சவரு போட்டதில்லை. பின்னாடி யாரோ பூசியிருக்காங்க. எடுத்துடட்டுமா?"

"எது அசலோ அதையே கொண்டு வாம்மா. வீட்டை வாங்கறவரு அசலைத்தான் கேக்கறாரு" என்றபடி, அலமாரியை ஒழிக்க மாடிக்குப் போனாள் வீட்டுக்காரம்மா.

மூல ஓவியர் வைக்காத நிறத்தை எடுத்துவிட வேண்டும். அவள் தொழிலில் அதுதான் நேர்மை. இருபது வருடமாக அப்படித்தான் செய்து வந்தாள். கதவே இல்லாமல் ஒருத்தர் ஏன் வீட்டை வரைய வேண்டும் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பஞ்சை மருந்தில் நனைத்து உருட்ட உருட்ட, கதவு பழுப்பாகப் பஞ்சில் ஏறி வந்தது. அடியில் செங்கல் வரிசை. கடைசிப் பஞ்சை ஜாடியில் போட்டபோது, தெருவில் பின்னோக்கி வந்துகொண்டிருந்த லாரியின் பீப் சத்தம் பாதியில் நின்றது.

"வண்டியில இருந்து மரச்சட்டம் எடுத்துட்டு வரேன்" என்று தம்பி ஏணியை விட்டு இறங்கி வாசல் பக்கம் போனான்.



"குச்சி... இங்க வா."

மிதியடி இருந்த இடத்தில் இருந்தது. அதற்கு முன்னால் கதவு இல்லை. செங்கல் சுவர்.

அவன் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தான். செங்கல்லின் சத்தம் வரவில்லை. இழுத்துக் கட்டிய துணியை அடித்ததுபோல் தும்மென்றது.

அவள் ஓடிப்போய் ஜன்னல் திரையை விலக்கினாள். தெருவில் லாரி நின்றது. அதன் பக்கத்தில் ஒரு நாய், முன்காலைத் தூக்கியபடி. அந்தக் கால் கீழே இறங்கவே இல்லை. ஜன்னல் கொக்கியைத் தொட்டாள். விரலில் தட்டுப்படவில்லை. அது வெறும் கோடு.

போனில் சிக்னல் இல்லை. எங்கும் ஆளிவிதை எண்ணெயின் வாடை, அப்போதுதான் வரைந்து முடித்ததுபோல.

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா கேட்டாள்: "ஏம்மா, மேல யாரு வந்திருக்கறது? மூணு பேர் சுவரைப் பார்த்து நிக்கறாங்களே?"

அதற்கப்புறம் அவள் குரல் வரவில்லை.

இருவரும் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மாடி ஜன்னல்கள் காலியாக இருந்தன.

"நான் போய் அவங்களைக் கூட்டிட்டு வரேன்" என்றான் தம்பி.

"போகாதேடா."

"வயசானவங்க. விட்டுட்டா போக முடியும்? நீ அந்தக் கதவைத் திரும்பப் போடு. எடுத்தவ நீதானே." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு படியேறினான்.

அவள் வண்ணப்பெட்டியைத் திறந்தாள். விரிசல்களை அடைப்பதற்கான தூரிகைகள், எறும்புக் கால் அளவு. அதை வைத்து ஒரு கதவு வரைய ஒரு நாள் ஆகும். பழுப்பு நிறத்தை உள்ளங்கையில் பிதுக்கி, விரலால் இழுத்துப் பூசினாள்.

பாதியில்தான் அவளுக்குப் புரிந்தது. முன்பு ஒருத்தர் இதே இடத்தில், இதே அவசரத்தில் நின்றிருக்கிறார். கதவைப் போட்டுவிட்டுத் தப்பியும் இருக்கிறார்.

தனியாக. மூன்று பேரை விட்டுவிட்டு.

மேலே கனமாக எதுவோ விழுந்தது. மரம் முறிவதுபோல் ஒரு சத்தம்.

"டேய்!"



கைப்பிடியைப் பூசினாள். சாவித்துளையை நகத்தால் கீறினாள். நிமிர்ந்தபோது படத்தின் மாடி ஜன்னலில் ஒரு பச்சைச் சால்வை நின்றது. மேலே முகம் இருந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது.

வாசலுக்கு ஓடினாள். கதவு இருந்தது. ஈரமாக இருந்தது. தள்ளினாள். வெயில் முகத்தில் அடித்தது. லாரி விட்ட இடத்திலிருந்து பீப் அடிக்கத் தொடங்கியது. நாய் காலை ஊன்றியது.

வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி உள்ளே கத்தினாள்: "டேய், கதவு வந்துடுச்சு! ஓடி வா!"

படிக்கட்டு வளைவில் இருட்டு. அதில் காலடிகள் இறங்கின.

ஒருவருடையது இல்லை. இரண்டு பேருடையதும் இல்லை.

"டேய், நீதானே? பேசுடா!"

காலடிகள் நிற்கவில்லை. ஒன்று மட்டும் இழுத்து இழுத்து, மற்றவற்றுக்கு முன்னால் வந்தது. இருட்டிலிருந்து ஒரு குரல், மூச்சுக்கு நடுவே:

"அக்கா... பூட்டிடாதே, அக்கா..."

 அவன் அவளை அப்படிக் கூப்பிட மாட்டான். ஒருநாளும் மாட்டான். வாய் வரையப்படாத எதுவோ, கேட்டுப் பழகிய குரலில் பேசிப் பார்க்கிறது.

வெளியே தாவிக் கதவை இழுத்துச் சாத்தினாள். சாவியை நுழைத்து இரண்டு முறை திருப்பிப் பிடுங்கினாள்.

பூட்டு விழுந்தது.

மேலங்கிப் பையில் தம்பியின் போன் அடிக்க ஆரம்பித்தது. அவன் மனைவி.

உள்ளே கதவைத் தட்டினார்கள். பலமாக இல்லை. ஒரே கையால் தட்டும் சத்தம். அப்புறம் அழுகை, ஏழு வயதுப் பிள்ளை அழுவதுபோல.

மறுபடி கூப்பிடணும்னா இன்னொரு கை உடையணும்.

சாவியைத் திரும்ப நுழைக்கப் போனாள். துளை இல்லை. சாவியின் நுனி, ஈரப் பழுப்பு நிறத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போனது.