ஒரே எண்ணில் இரண்டு கம்ப்யூட்டர்கள்

"என் மெஷின் மேல கை வெக்கிறதுக்கு முன்ன என்னை ஒரு வார்த்தை கேளுங்க சார்."

திருப்பதியில் உமாபதியின் கல்யாணப் பத்திரிகை அச்சகத்துக்குள் நுழைந்ததும் தேவானந்தம் கேட்ட முதல் குரல் அது. கம்ப்யூட்டர் வேலைக்கு அன்று வர வேண்டிய மெக்கானிக் வேறொருவன். அவனுக்குக் காய்ச்சல் என்பதால் இவன் சித்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான்.

நிமிர்ந்தான். மேக் கம்ப்யூட்டரின் முன்னால் கேசியா. மழைக்கு முந்தைய வானம்போல் கறுத்த, பெரிய கண்கள்... மனைவி இறந்த இந்த இரண்டு வருடத்தில் அவன் யார் கண்களையும் கவனித்ததில்லை. இன்று கவனித்தது அவனுக்கே பிடிக்கவில்லை.

வேலை சின்னதுதான். கணக்கு எழுத வாங்கிய புது விண்டோஸ் கம்ப்யூட்டரை, கேசியா பத்திரிகை வடிவமைக்கும் மேக்கோடும் பிரிண்டரோடும் இணைக்க வேண்டும். தெருவில் வீடுகளுக்குக் கதவு எண் இருப்பதுபோல ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். மேக்கின் எண்ணை அவளிடம் கேட்டிருக்கலாம். அந்தக் கண்களுக்கு எதிரே மறுபடி போய் நிற்க ஏதோ தடுத்தது... தானாகவே ஓர் எண்ணைப் போட்டான்.

புதுசு ஓடியது. மேக்கின் இணைப்பு அறுந்தது. கேசியா அனுப்பிய பக்கங்கள் பிரிண்டருக்குப் போகவில்லை.

"காலையில நல்லா ஓடிக்கினு இருந்துச்சு," என்றாள்.

"மேக் பழசு. புதுசோட ஒத்துப்போகலை," என்றான் வீறாப்பாக.

உமாபதி அதைப் பிடித்துக்கொண்டார். தான் சாப்பிட்டு வருவதற்குள் இரண்டும் இணையாவிட்டால் மேக்கை விற்றுவிடலாம், புதுசில் பழகிய ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேசியா சண்டை போடவில்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணன் அங்கே வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறான், இந்த வேலை பிடித்துப்போய்த்தான் போகாமல் இருந்தேன் என்று மட்டும் சொன்னாள். கண்கள் நிறைந்தன, வழியவில்லை. வெளியே மலைப்பக்கமிருந்து மழை இறங்கியது...

இப்போது கேட்டான். "உங்க மெஷின் நம்பர் என்னங்க?"

சொன்னாள். புதுசுக்கு அவன் போட்டிருந்த அதே எண்.

சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மேக்கின் மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும். உமாபதி திரும்பியதும் சொன்னான்: "தப்பு என்னுது சார். இவங்களைக் கேக்காம இவங்க நம்பரையே புதுசுக்குப் போட்டுட்டேன். மேக் நல்லாத்தான் இருக்கு. விக்காதீங்க."

உமாபதி சிரித்துவிட்டார். "ஒரு வார்த்தை கேக்கறதுக்கு உனக்கு இன்னாப்பா அவ்ளோ வெக்கம்?"

மழை விடவில்லை. வாசலில் ஒதுங்கி நின்றவனிடம் கேசியா டீ கொண்டுவந்து நீட்டினாள்.

"இனிமே நீங்கதான் வருவீங்களா? இல்ல அந்தக் காய்ச்சக்காரரா?"

"மெஷின் கெட்டா அவன் வருவான்."

"கெடலேன்னா?"

"கெடலேன்னா... நான் வர்றேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது புரிந்தது. டீயை வைத்துவிட்டான்.

"எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க. ரெண்டு வருசம் முன்ன அவ இறந்துட்டா. அப்புறம் எதுவும் உறைக்கலை. இன்னிக்கு நீங்க கண் கலங்கினப்ப உறைச்சிது... உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் வைத்த டீயை அவள் எடுத்து மறுபடி அவனிடம் நீட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க நைனா சர்ச் வாசல்ல பேசிக்கினு நிப்பாரு. இதை அவர்கிட்டயும் சொல்லுங்க."

"முழுசாவா?"

"முழுசா. நான் உங்க பக்கத்துல நிக்கிறேன்."