ஐந்து எலுமிச்சம்பழங்கள்

பாளையங்கோட்டையில் கைப்பயிற்றி வாங்காத வீடுகள் இரண்டோ மூன்றோதான் மிஞ்சியிருந்தன. சிதம்பரதாணுவின் வீடு அவற்றில் ஒன்று. கைப்பயிற்றி என்பது முழங்கை வரை இரு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் மெல்லிய உறை. வித்தை தெரிந்த ஒருவனின் கையசைவை நரம்புத் துடிப்புகளாக மாற்றி நம் கைக்குள் பதித்துவிடும். வீட்டில் உட்கார்ந்தபடியே நாற்பது நிமிடத்தில் விரல் நுனியில் தட்டு சுழலும். விரல் முட்டிகளின்மேல் நாணயம் நடக்கும். கல்யாண நலங்கில் அப்பளம் தட்டி, தேங்காய் உருட்டி விளையாடியது போய், இரு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே நின்று வித்தை காட்டுவது வழக்கமாகிவிட்டது.

உறை மாட்டிக்கொண்டு கற்பதெல்லாம் ஒரு வித்தையா என்பது சிதம்பரதாணுவின் கட்சி. அதில் தவறில்லை. மகளின் நிச்சயதார்த்தம் வரை அதில் உறுதியாகவும் இருந்தார்.

அன்று பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் குற்றாலலிங்கம் நான்கு லட்டுகளை அந்தரத்தில் சுழற்றிவிட்டுக் கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, உங்க வீட்ல கை சாப்பிட மட்டுந்தானா? நலங்குக்கு வேணும்னா எங்காளு ஒருத்தரை உங்க பக்கம் அனுப்பி வைக்கோம்!"

பந்தி முழுவதும் சிரித்தது. மூன்று தலைமுறையாக யாரிடமும் எதையும் கேட்டு நின்றிராத குடும்பம். மறுநாளே கைப்பயிற்றி வந்துவிட்டது.

'ஐந்து எலுமிச்சை' என்ற வித்தையைத் தேர்ந்தெடுத்தார். சிறுதிரையில் எழுத்து ஓடியது: 'புதிய அசைவுக்கு இடம் வேண்டும். நெடுநாள் பயன்படாத அசைவு ஒன்று நிரந்தரமாக அழிக்கப்படும். எது என்று பார்க்கிறீர்களா?'

"என்னதுன்னு பாத்துட்டு அமுக்குங்க," என்றாள் மனைவி பிரமு.

"பயன்படாததை வச்சிக்கிட்டு என்னட்டி செய்ய? பம்பரம் விட்டதா இருக்கும். இல்லைன்னா கோலி அடிச்சதா இருக்கும்."

'தேவையில்லை' என்பதைத் தொட்டார். ஒரு நொடி பார்த்திருக்கலாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கூடத்தில் ஐந்து பழங்களையும் சுழற்றிக்கொண்டிருந்தபோது மகள் வடிவு வந்து நின்றாள்.

"எப்பா, ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"சொல்லு."

"சின்னப்பிள்ளையில தூங்க வைப்பீங்கல்லா, அந்த மாதிரி நாளைக்கு நான் போகும்போது தலையைக் கோதிவிடணும். ஒரே ஒரு தடவை."

வடிவுக்குப் பன்னிரண்டு வயதானதும் அவர் நிறுத்திக்கொண்ட பழக்கம் அது. வளர்ந்த பெண்ணைத் தொட்டுக் கொஞ்சுவது அந்த வீட்டு முறையல்ல.

"அதுக்கென்ன, செஞ்சாப் போச்சு," என்றார், பழங்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் நலங்கில் ஐந்து பழங்களும் பந்தல் துணியைத் தொட்டுத் தொட்டுத் திரும்பின. குற்றாலலிங்கத்தின் கையில் நான்குக்கு மேல் நிற்கவில்லை. "தோத்துட்டோம் அண்ணாச்சி, தோத்துட்டோம்!" என்று அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சிதம்பரதாணு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாலையில், புறப்படும் நேரத்தில், வடிவு அவர் காலில் விழுந்து எழுந்தாள். தலையைக் குனிந்தபடி நின்றாள்.

அவருடைய வலது கை உயர்ந்தது. அவள் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது. அடுத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. விரல்களைத் தலைமுடிக்குள் இறக்க நினைத்தார். அவை அசையவில்லை. இடது கையை எடுத்துப் பார்த்தார். அதுவும் அப்படியே நின்றது. பிறகு இரண்டு உள்ளங்கைகளும் தாமாக மேல்நோக்கித் திரும்பின. ஊர் பார்க்க, யாசகம் கேட்பவர்போல் நின்றார்.

"பாருங்கவே, அண்ணாச்சி இன்னும் விளையாட்டை விடலை!"

குற்றாலலிங்கம் ஓர் எலுமிச்சம்பழத்தை அவருடைய வலது கையில் வைத்தார். கை அதை மேலே எறிந்து பிசகாமல் பிடித்தது. மறுபடி எறிந்தது. வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

வடிவு குனிந்த தலையோடு இன்னும் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

கார் தெருமுனை திரும்பியதும் சிதம்பரதாணு உள்ளே சென்று கைப்பயிற்றியின் குறிப்பைத் திறந்தார்.

'அழிக்கப்பட்ட அசைவு: தலை கோதுதல். கடைசியாகப் பயன்பட்டது: பதினைந்து ஆண்டுகளுக்கு முன். பயனருக்கு இழப்பு: ஏதுமில்லை.'