மாமியாரின் இருமல்

கீழே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

மாடியில், மாமியார் இருந்த அறையில், யாரோ இருமினார்கள். மூன்று வறட்டு இருமல். பிறகு தொண்டைக்குள் ஓர் இழுப்பு. நான்கு வருடத்துக்கு முன் செத்துப்போன கிழவியின் இருமல்... அச்சு அசலாக அதேதான்!

"இதோ வரேம்மா!" என்று குளியலறையிலிருந்து பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார் கிழவியின் மகன்.

நாத்தனார் தைத்த துணியைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடிவந்தாள். அறையில் அண்ணிதான் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா! உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வை. அம்மா மாதிரி இருமிக்காட்டி என்னைப் பயமுறுத்த வேண்டாம்னு!"

ஒரே வீட்டில் இருந்தும் நான்கு வருடமாக அவள் அண்ணியிடம் நேராகப் பேசுவதில்லை. எல்லாம் அண்ணன் வழியாகத்தான். அந்த நல்ல மனிதரும் தபால்பெட்டி மாதிரி நடுவில் நின்றாரே தவிர, மனைவிக்காக ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

"நான் வேணும்னு இருமல..."

முடிப்பதற்குள் மறுபடி மூன்று. மறுபடி இழுப்பு. அண்ணியின் கை தானாகவே ஜன்னலோரத்துத் தண்ணீர் டம்ளரைத் தேடிப் போனது. மாமியாரும் அப்படித்தான் தேடுவாள்! தன் தொண்டைக்குள் மாமியார் வந்து உட்கார்ந்துவிட்டாளோ?

அந்த இருமல் அவளுக்குத் தெரியாததா? பார்த்த வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தவள். மாமியார் மாரடைப்பில் போன அன்று, அத்தனை பேர் நடுவில் நாத்தனார் அலறினாள். "ஜன்னலத் திறந்துபோட்டு எங்கம்மாவை இருமவெச்சே கொன்னது நீதான்!" ஒருவேளை உண்மைதானோ என்று அவளும் உள்ளுக்குள் அரித்துப்போயிருந்தாள்.

டாக்டரிடம் நாத்தனாரும் வந்தாள். நடிப்பு அங்கே எடுபடுகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

டாக்டர் நெஞ்சைச் சோதித்தார். சளி இல்லை.

"பிரஷர் மாத்திரைய மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வாரம் டாக்டர். பழசுல கால் வீங்குதுன்னு நீங்கதான் மாத்தினீங்க."

"அப்போ இது மாத்திரையோட வேலைதான். சிலருக்கு இந்த மாத்திரையால இப்படி வறட்டு இருமல் வரும். வேற எழுதறேன். அடங்கக் கொஞ்ச நாளாகும்."

நாத்தனாரின் முகம் வெளுத்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் பீரோவைக் குடைந்தாள். பழைய மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே, பாதி தீர்ந்த ஓர் அட்டை. அதை அண்ணியின் மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒரே பெயர்!

"மாசாமாசம் கடைக்குப் போய் இதை வாங்கிட்டு வந்தது நான்தான்... அண்ணி!"

நான்கு வருடத்தில் முதல் 'அண்ணி'. கேட்டவளுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? வயசானா இருமல் வரத்தான் செய்யும்னு அத்தை டாக்டர்கிட்டகூடச் சொல்ல விடலையே..."

மூன்று வாரம் போனது. புது மாத்திரையில் இருமல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. மாடி நிசப்தமானது.

ஒரு காலையில் தையல் மெஷின் மறுபடி நின்றது. நாத்தனார் மாடி அறையின் வாசற்படியில் வந்து நின்றாள். கண்கள் அண்ணியைப் பார்க்கவில்லை, காலியான கட்டிலைப் பார்த்தன.

"அண்ணி... ஒரே ஒரு தடவை இருமுங்களேன். அம்மா மாதிரி..."

அண்ணி முயன்றாள். வெறும் செருமல்தான் வந்தது.

"வரலையேம்மா..."

நாத்தனார் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"அன்னிக்கு உங்களத் திட்டாம, அந்த இருமலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு நின்னிருக்கலாமே அண்ணி!"