இடைவேளை வரை

மதியச் சாப்பாட்டை முடித்துக் கைகழுவிவிட்டுப் பல் டாக்டர் வந்தபோது, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் மடங்காமல் கிடந்தது. ஆள் எழுந்ததும் தானாக மேலே மடங்கிக்கொள்ளும் தியேட்டர் நாற்காலி அது. ஒரே இரும்புச் சட்டத்தில் ஆறு. ஐந்து ஒழுங்காக மடங்கியிருக்க, இரண்டாவது மட்டும் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இறங்கியே இருந்தது. அறையில் யாரும் இல்லை. ஸ்பிரிங் போய்விட்டது என்று நினைத்து முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினாள். அசையவில்லை. "சரி, உக்காந்துக்கோ, எனக்கென்ன போச்சு" என்று கேலியாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெறும் நாற்காலியிடம் அப்படிச் சொன்னதற்காகப் பின்னால் எத்தனையோ தடவை அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த தியேட்டரில் இருந்து வந்தவை அந்த நாற்காலிகள். ஒன்பது வருஷம் பூட்டிக் கிடந்து, கூரையில் செடி முளைத்து, கடைசியில் கிடங்கு கட்டுவதற்காக இடித்தார்கள். இடிக்கும் முன்னால் உள்ளே இருந்ததை எல்லாம் விற்றார்கள். திரைச்சீலையை லாரிக்காரர் ஒருவர் தார்ப்பாய்க்குப் பதிலாக வாங்கிப்போனார். நாற்காலிகளைத் தேடிப் பிடித்து வந்தது அவள் தம்பி. சிவப்பு ரெக்ஸின், முதுகில் வெள்ளைப் பெயிண்டில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்கள். எதிர்ச் சுவருக்கு வெள்ளையடித்து, அதைப் பார்த்தமாதிரி தரையில் போல்ட் போட்டு இறுக்கினான். பல்வலியோடு வருகிறவர்கள்கூட உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம் சிரித்தார்கள்.

நாற்காலிகளால் அதிகம் சந்தோஷப்பட்டது அவளுடைய ஆறு வயது மகள். அப்பாவுக்கு வெளியூர் வேலை. ஒன்றரை மணிக்குப் பள்ளி வேன் அவளைக் கிளினிக் வாசலில் இறக்கிவிடும். சாப்பிட்டதும் சுவரோரத்து ஆறாம் எண்ணில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். எடை போதாமல் நாற்காலி பாதிதான் இறங்கும், ஆடும், பிறகு மெல்ல மேலே மடங்கி அவளையும் சேர்த்து மடித்துவிடும். இரண்டு கால்களும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, "அம்மா, என்னை முழுங்கிடுச்சு" என்று கத்துவாள். தினமும் போய் இழுத்துவிடுவது ஒரு வேலை. கண்ணெதிரே பார்த்துக்கொள்ள முடியாமல் பிள்ளையைக் காத்திருக்கும் அறையில் போட்டுவைத்திருக்கிறோமே என்ற உறுத்தல் அம்மாவுக்கு இல்லாமல் இல்லை. அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தவரை மனம் கொஞ்சம் சமாதானமாக இருந்தது.

மடங்காத நாற்காலி ஒன்று இரண்டானது, மூன்றானது. எண்ணெய் விட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் நேரத்தைக் கவனித்தாள். சரியாக இரண்டரைக்கு, ஆளே இல்லாத அறையில், முனகல் போன்ற சின்ன இரும்புச் சத்தத்தோடு நாற்காலிகள் ஒவ்வொன்றாக இறங்கும். அதோடு ஒரு வாடை வரும், பூஞ்சை பிடித்த ரெக்ஸின், பழைய பீடிப் புகை, பலர் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுக் கனத்துப்போன மூடிய அறையின் வெப்பம், அதன் அடியில் எங்கோ வாடிய பூ. மூன்று ஐம்பதுக்கு அவை எழும். டப். டப். டப். டப். டப். ஐந்து சத்தம். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் இருக்காது.

ஒருநாள் மகள் கூப்பிடவே இல்லை என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. எட்டிப் பார்த்தாள். ஆறாம் எண் முழுதாக இறங்கியிருந்தது. பிள்ளை மடங்காமல், நிமிர்ந்து, காலை ஆட்டிக்கொண்டு வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு முழுங்கலையா குட்டி?"

"பக்கத்து அத்தை கையால அமுக்கிப் பிடிச்சிருக்காங்கல்ல" என்றாள் மகள், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்த வாரம் பல் செட்டுக்கு அளவு கொடுக்க ஓர் அம்மா வந்தார். வயதான மனுஷி, ஆனாலும் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னதற்கு, இந்த நாற்காலிகளைத் தனக்குத் தெரியும் என்றார். அந்தத் தியேட்டரில் இருபது வருஷம் டிக்கெட் கிழித்தவராம். கடைசி நாள் மதியம் இரண்டரை மணிக் காட்சியில் இடைவேளையோடு மெஷின் நின்றுவிட்டது, முதலாளி சொன்னபடி ஆளுக்கொரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம், மீதிப் படத்தை நாளைக்கு வந்து பாருங்கள் என்று. மறுநாள் தியேட்டர் திறக்கவில்லை. அப்புறம் திறக்கவே இல்லை.

"அன்னைக்கு மொத்தமே அஞ்சு பேர்தான். எல்லாரும் இந்த வரிசை" என்றார். "பூட்டின கேட்டு முன்னாடி அந்தச் சீட்டோட ரொம்ப நாள் வந்து நின்னாங்க. இப்ப ஒருத்தரும் உயிரோட இல்ல."

"இது ஆறு நாற்காலியாச்சே?"

அந்த அம்மா கடைசி நாற்காலியைக் கைகாட்டினார். "அஞ்சுல உக்கார்ற பொம்பளை எப்பவும் ரெண்டு டிக்கெட் வாங்குவா. ஆறாம் நம்பரை மடங்க விடாம கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே படம் பாப்பா. பிள்ளை வரும்னு சொல்லுவா. நான் பாத்தவரைக்கும் எந்தப் பிள்ளையும் வந்ததில்ல."

அவள் உடனே தம்பிக்கு போன் போட்டு, நாற்காலிகளைக் கழற்றச் சொன்னாள். ஆள் மறுநாள் சாயங்காலம்தான் வருவான் என்றான். ஒரு நாள்தானே என்று விட்டாள்.

மறுநாள் பிள்ளையைத் தன் அறைக்குள்ளேயே ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, படம் வரையச் சொல்லிவிட்டு, ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கத் தொடங்கினாள். பல் பாதியில் உடைந்தது. வேர் தாடையில் சிக்கிக்கொண்டது. ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்தாள். குனிந்த தலையை டாக்டர் நிமிர்த்தவே இல்லை. குழாயின் உறிஞ்சல் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

பிறகுதான் அந்த வாடை மூக்கில் உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். ஸ்டூல் காலி. வரைந்த தாள் தரையில் கிடந்தது. கறுப்புப் பென்சிலால் ஐந்து முதுகுகள். அவற்றுக்கு எதிரே எதுவும் வரையாத வெள்ளை.

கூப்பிட்டாள். நர்ஸ் குழாயை நிறுத்தினாள். பதில் இல்லை. இடுக்கி வேரைப் பிடித்திருந்தது. நோயாளி அவள் மணிக்கட்டை இறுக்கியிருந்தார். கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

டப்.

கையை உதறினாள்.

டப். டப்.

நர்ஸ் ஏதோ சொன்னாள்.

டப். டப்.

கதவுப் பிடி ரத்தத்தில் வழுக்கியது.

டப்.

ஆறாவது.

காத்திருக்கும் அறையில் ஆறும் மடங்கியிருந்தன. ஆறாம் எண்ணின் கீழே பள்ளிக்கூடக் காலணிகள் ஜோடியாக இருந்தன. திறந்தால் மணியடிக்கும் வாசல் கதவு ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. எதிர் மருந்துக்கடைக் கேமராவில் போலீஸ் பலமுறை ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டரையிலிருந்து மூன்று ஐம்பதுவரை கதவு திறக்கவே இல்லை. கணவன் வந்தான், தெருத்தெருவாக அலைந்தான், அழுதான். அவள் அழவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, எல்லாம் இந்த எழவெடுத்த நாற்காலிகளால் வந்தது என்று தம்பி ஆளைக் கூட்டிக்கொண்டு ஸ்பேனரோடு வந்தான். அவள் குறுக்கே நின்றாள்.

"ஒரு போல்ட்டைத் தொட்டா உன்னை மனுஷனா மதிக்க மாட்டேன்" என்றாள். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு அவன் ஆளைக் கூட்டிக்கொண்டு போனான்.

கதவைச் சாத்தினாள். வெயில் ஜன்னல் விளிம்பில் நின்றது. அவர்கள் பார்க்கும் அந்த வெள்ளைச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலிகளைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டரை. முதல் நாற்காலி இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது, நிதானமாக.

ஆறாவது பாதிதான் இறங்கியது. எடை போதாமல் ஆடியது. பிறகு, ஒரு கை வைத்து அமுக்கியதுபோல், முழுதாகக் கீழே போய் நின்றது.

"குட்டி" என்றாள். "அம்மா தெரியறேனா?"

ஆறாவது நாற்காலி துள்ளியது. மேலே எழும்ப ஆரம்பித்தது. ஒரு சாண்.

மறுபடி அமுக்கப்பட்டது.

இடைவேளைக்கு இன்னும் எண்பது நிமிஷம் இருந்தது.