அவன் போடாத கடைசி வீடியோ

முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மதிவதனி அவன் சிரிப்பைக் கேட்டுவிட்டாள்.

பூந்தமல்லி பேருந்து நிலையம். நவம்பர் மழை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்து இறங்கியவள், மாங்காடு பேருந்துக்காகக் கூரையோரம் ஒதுங்கி நின்றிருந்தாள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள், இல்லை, நாளைக்குத்தான் திறப்பார்கள் என்று சுற்றிலும் ஒரே பேச்சு. அந்தப் பேச்சுக்கு நடுவே அந்தச் சிரிப்பு... மூன்று படி ஏறி, நாலாவது படியில் ஒரு விக்கலில் தடுக்கி விழும் சிரிப்பு.

அவள் கையிலிருந்த குடை தானாகத் தாழ்ந்தது.

எத்தனை மாலைகள் அபியின் அறைச் சுவரைத் தாண்டி அந்தச் சிரிப்பு வந்திருக்கிறது! தோசை வார்த்துக்கொண்டே, "அந்தக் கருமத்தைக் கொஞ்சம் குறைச்சு வைடா" என்று எத்தனை முறை கத்தியிருக்கிறாள்!

திரும்பினாள். டீக்கடை வாசலில் ஒருவன், காதில் போனோடு. கிடங்கு வேலையாட்கள் போடும் நீலச் சட்டை. நெற்றியில் ஒட்டிய ஈர முடி. சிரித்து முடித்த பிறகும் சிரித்துக்கொண்டே இருக்கும் கண்கள்...

"போடா கிஷோரு! அந்த டிரெய்லர பாத்துட்டு நான் லைட்டு போட்டுகினு தூங்குனேன் மாமே!"

அவனேதான். 'மண்ணூர்பேட்டை மாமே' சேனல்காரன்.

குரங்கு குல்லாவும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு 'சாம்பல் நகரம்' தொடரைப் பார்ப்பான். தொடர் பெரிதாக ஓடும். மூலையில் சின்னக் கட்டத்துக்குள் இவன் பயப்படுவான், அலறுவான், விக்கிச் சிரிப்பான். அதைப் பார்க்கத்தான் அபி காத்திருப்பான். அவளுடைய ஒரே தம்பி.

யோசிப்பதற்குள் கால்கள் நடந்துவிட்டன.

"நீங்கதானே அந்தக் குரங்கு குல்லா?"

போன் அவன் கையிலிருந்து நழுவப் பார்த்தது. பதறி அக்கம்பக்கம் நோக்கினான்.

"மேடம்... மெதுவா! சூப்பர்வைசரு அதோ பஜ்ஜி துன்னுகினு கீறாரு. அவுருக்குத் தெரிஞ்சா நாளைக்கு கிடங்கே என்ன ஓட்டும்."

வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"குல்லா இல்லாம எப்டிங்க கண்டுபுட்ச்சீங்க? நம்ப சப்ஸ்கிரைபரா?" அவன் கண்களில் விளக்குப் போட்டதுபோல ஒரு வெளிச்சம். "இருக்கறதே நானூத்திப் பன்னெண்டு பேரு. அதுல ஒருத்தர நேர்ல பாக்கறது இதான் மொத வாட்டி. டீ சாப்டுறீங்களா?"

"கடைசி எபிசோடுக்கு ஏன் வீடியோ போடல?"

வெளிச்சம் அணைந்தது.

"அது... போடலைங்க."

"அதான் கேக்கறேன். ஏன்?"

அவன் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்தான். "தோணல. வுட்டுட்டேன்."

தோணலையாம்! அவளுக்குள் மூன்று மாதமாக உறைந்து கிடந்தது அந்த ஒற்றைச் சொல்லில் உடைந்தது.

"என் தம்பி ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுத் தினமும் கேட்டான். 'அக்கா, மாமே வீடியோ வந்துச்சா?' இருபத்து மூணு நாள். கண்ணைத் திறந்தா அதான் முதல் கேள்வி. ஒரு அரை மணி நேர வேலை உங்களுக்கு. தோணலையா? இப்போ போட்டாலும் பார்க்க அவன் இல்ல."

டீக்கடைக்காரர் டீ கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார்.

அவன் உதடுகள் அசைந்தன. "தம்பி பேரு... இன்னாங்க?"

"அபிஷேக்."

ஒரு மன்னிப்பு, ஒரு சாக்கு... எதுவுமே இல்லை. மாங்காடு பேருந்து வந்தது. அவள் ஏறி, ஈரம் படிந்த கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கூரைக்கு வெளியே, கொட்டும் மழையில், போனைக்கூடப் பைக்குள் வைக்காமல் அவன் நின்றுகொண்டிருந்தான்.

திமிர், என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மாங்காடு வரைக்கும் அந்தக் கண்கள் கூடவே வந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீரோவைத் திறந்தாள்.

"அதை ஏண்டி இப்போ எடுக்கறே?" என்றாள் அம்மா சுலோசனா. அபியின் போன், அவன் கல்லூரிச் சட்டைக்குள் சுற்றி வைத்தபடியே இருந்தது. ஆகஸ்டிலிருந்து யாரும் தொடவில்லை.

"ஒரு சேனலை எடுத்துப் போடணும்மா. அவன் போன்ல அது இருக்கக் கூடாது."

அம்மா சார்ஜரைத் தேடிக் கொடுத்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

போன் உயிர் பெற்றது. வரிசையாக அறிவிப்புகள் வந்து விழுந்தன. ஒன்று, ஐந்து, பதினைந்து... முப்பத்தொன்று. எல்லாம் ஒரே இடத்திலிருந்து. மண்ணூர்பேட்டை மாமே உங்களுக்குப் பதிலளித்துள்ளார்.

அவள் விரல் நின்றது. பிறகு தொட்டாள்.

மேலே அபியின் வரிகள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் எழுதியது.

'அண்ணா, கடைசி எபிசோடு நீங்க மொதல்ல பாருங்க. டாரன் சாவ மாட்டான்னு அக்காகிட்ட பந்தயம் கட்டிகீறேன். நீங்க சிரிச்சா நான் தைரியமா பாப்பேன். ஆஸ்பத்திரில கீறேன். காத்துக்கினு கீறேன்.'

டாரன்தான் 'சாம்பல் நகர'த்தின் நாயகன். பறக்க மாட்டான், நெருப்பு கக்க மாட்டான். யாரைத் தொட்டாலும் அவர்கள் காயம் அவன் உடம்புக்கு வந்துவிடும். அவ்வளவுதான் அவன் சக்தி. பாகத்துக்குப் பாகம் இருண்டுகொண்டே போகும் அந்தக் கதையை, ரத்தத்தில் நோயோடு படுத்திருந்த இருபது வயதுப் பையன் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டான் என்று அவள் கேட்டதே இல்லை.

கீழே அவன் பதில். 'இன்னும் பாக்கல தம்பி. நீ ஊட்டுக்கு வா. சேந்து பாக்கலாம்.'

'டீல்ணா!' இது அபி.

அப்படியானால்... அபி தினமும் கேட்டது ஏமாற்றத்தில் அல்ல. மாமே வாக்கு மாறாமல் தனக்காகக் காத்திருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை என்று அவள் சொன்னபோதெல்லாம் அவன் முகத்தில் தெரிந்தது... ஐயோ, அது சந்தோஷம்!

ஆகஸ்ட் பதினான்கு. அபி போன நாள். அதற்குப் பிறகும் பதில்கள் நிற்கவில்லை.

'தம்பி, டிஸ்சார்ஜ் ஆயிட்டியா?'

'இன்னா தம்பி, ஆளே காணோம். நான் இன்னும் பாக்கல.'

'தீபாவளி வாழ்த்துகள் தம்பி. ஊட்ல எல்லாரும் சொகமா?'

கடைசிப் பதில் அந்த மழை நாளன்று எழுதப்பட்டிருந்தது.

'தம்பி, மன்னிச்சிடு. நான் மொத நாளே பாத்துட்டேன். டாரன் செத்துட்டான். ஆஸ்பத்திரில இருக்கற உன்கிட்ட அத எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்லுவேன்? அதான் போடல. இன்னிக்கு உங்க அக்காவ பாத்தேன். நீ கேட்டத போட்ருக்கணுமோன்னு இப்ப தோணுது. தெரியல தம்பி.'

அவள் சேனலை நீக்கவில்லை. சமையலறைக் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை அதே கூரையின் கீழ் நின்றாள். அவன் வரவில்லை. செவ்வாயும் இல்லை. வழக்கமான பேருந்தை விட்டாள், அடுத்ததையும் விட்டாள். நீலச் சட்டை தெரிந்தால் நெஞ்சு தாவும்... வேறு யாரோ. யார் சிரித்தாலும் காது போய் நிற்கும். நாலாவது படியில் விக்கல் விழாது.

"அந்த செம்பரம்பாக்கம் கிடங்கு தம்பியாம்மா?" என்றார் டீக்கடைக்காரர் ஒருநாள், அவளாகக் கேட்காமலேயே. "அன்னிக்கு நீ திட்டிட்டுப் போனதுலேர்ந்து இந்தப் பக்கமே வர்றதில்ல. வேற ரூட்ல போறாப்ல போலகீது."

வீட்டுக்கு வந்தால் அவன் பழைய வீடியோக்களைப் பார்த்தாள். முதல் பாகத்தின் முதல் எபிசோடிலிருந்து. கோடி கோடியாய்ச் செலவழித்து எடுத்த இருட்டு நகரம் திரை முழுக்க எரிந்து விழும். அவள் கண்கள் மூலையிலிருந்த சின்னக் கட்டத்தை விட்டு நகராது. எங்கே பயப்படுவான், எங்கே விக்குவான் என்று மனப்பாடமே ஆகிவிட்டது. யாராவது அடிபட்டால் அவன் தன் கையைத் தேய்த்துக்கொள்வான். அதை அவனே அறிய மாட்டான் போலிருக்கிறது. அடி வாங்குவது டாரன்... வலிப்பது இவனுக்கு.

ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் அபியின் போனை எடுத்தாள். நாலு முறை எழுதி நாலு முறை அழித்துவிட்டு, ஐந்தாவதாக அனுப்பினாள்.

'நான் அபியோட அக்கா மதிவதனி. சேர்ந்து பார்க்கலாம்னு அவன்கிட்ட சொல்லியிருக்கீங்க. வெள்ளிக்கிழமை ஆறு மணி, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு.'

வெள்ளிக்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்தது. ஆறு மணிக்கு அவன் இல்லை. ஆறு பத்துக்கும் இல்லை. அவமானம் மெல்லக் கழுத்துக்கு ஏறியபோது...

"பாரிவாக்கத்துல ஒரே தண்ணிங்க. பஸ்சு ஊர்ந்துகினு வந்துச்சு."

முழங்கால் வரை நனைந்து நின்றிருந்தான். முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியமில்லாமல் அவள் குடையிடம் பேசினான்.

"திட்றதுன்னா திட்டிடுங்க. வாங்கிகினு போயிட்றேன்."

"உக்காருங்க," என்றாள். "உங்க பேர்கூடத் தெரியாது எனக்கு."

"பூபாலன்."

கல் பெஞ்சில் இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு அமர்ந்தார்கள். அந்த இடத்தில் அபியின் போனை நிறுத்தி வைத்தாள். இயர்போனின் ஒரு முனை அவள் காதுக்கு, மறு முனை அவனுக்கு. அது நீளம் போதாமல் இருவரும் சற்றே சாய வேண்டியிருந்தது.

கடைசி எபிசோடில் டாரன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். ஒவ்வொரு கட்டிலாகத் தொட்டுக்கொண்டே போனான். தொடத் தொட அவன் முதுகு வளைந்தது. கடைசிக் கட்டிலில் ஒரு பையன். 'வேண்டாம்' என்று பையன் தலையசைக்கிறான். டாரன் புன்னகைத்து அவன் கையைப் பிடிக்கிறான்... பிறகு கட்டிலோரமாகச் சரிகிறான்.

தெரிந்த முடிவுதான். ஆனாலும் மதிவதனி அழுதாள். சாவு வீட்டில் வராத அழுகை, பேருந்துகளின் ஹாரனுக்கு நடுவில் வந்தது. பூபாலன் தேற்றவில்லை. தன் கையை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

அழுகை அடங்கியதும் நிமிர்ந்தாள்.

"நீங்க பார்க்கவே இல்லையே."

"பாத்தேனே."

"பொய். ஸ்க்ரீன் பக்கமே திரும்பல நீங்க."

"ஸ்க்ரீன பாத்தேன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். அவசரமாகப் பையைத் திறந்து எதையோ துழாவினான். வெளியே வந்தது... குரங்கு குல்லா!

"இது எதுக்கு?"

"ஒண்ணு சொல்லணும். குல்லா மாட்டிகினாதான் எனுக்கு வாய் வரும்."

அவள் கை நீட்டிக் குல்லாவை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்படியே சொல்லுங்க."

மழை கூரையில் வலுத்தது.

"அன்னிக்கு நீங்க பஸ்ஸு ஏறிப் போனப்பவே... எனுக்கு உங்கள புட்ச்சிடுச்சுங்க. திட்டு வாங்குன அன்னிக்கே இப்டி தோணுதேன்னு எனுக்கே அசிங்கமா பூட்ச்சு. தம்பிக்கு துரோகம் மாரி. அதான் ரூட்ட மாத்திகினேன். பஸ்ஸு மாறிச்சு... மனசு மாறல." நிறுத்தினான். "இதுக்கும் திட்டலாம்."

மாங்காடு பேருந்து வந்து நின்றது. நடத்துநர் இரண்டு முறை குரல் கொடுத்தார். அவள் எழவில்லை. பேருந்து போய்விட்டது.

"அபி பந்தயத்துல தோத்துட்டான்," என்றாள் மெதுவாக.

"முழுசா தோக்கலைங்க." அவன் போனை எடுத்துக் கடைசி நிமிடத்தை மறுபடி ஓட்டினான். "இத பாருங்க. அந்தப் பையன் நர்ஸம்மா கைய தொட்றான்ல? அவங்க காயம் இவன் கைக்கு வர்து. டாரன் எங்கயும் பூடல. அடுத்த சீசன் இவன்தான்."

அவள் அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். கட்டம் இல்லை, கண்ணாடி இல்லை. இத்தனை பக்கத்தில் அந்தக் கண்கள்...

"அடுத்த சீசன் எப்போ?"

"ரெண்டு வருசம் ஆவும்னு சொல்றாங்க."

மாமேயைப் போலவே பேசித் திரிந்த தம்பியை, ஒழுங்காகப் பேசுடா என்று நாளெல்லாம் திட்டியவள், குல்லாவைச் சுருட்டி அவன் கையில் வைத்தாள். அந்தக் கையை உடனே விட்டுவிடவில்லை.

"பரவால்ல," என்றாள். "காத்துக்கினு கீறேன்."

ஒரு நொடி அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான். மூன்று படி ஏறி... நாலாவது படியில் விக்கினான்.