என்ஜின் நலம்

ஆனைமலையைத் தாண்டும்போது பயணிக்குத் தேநீர் கொடுப்பது விமானி சகாயமேரியின் வேலை. குட்டி விமானத்தை ஓட்டுவது தன்னோட்டி என்ற தானியங்கிக் கருவியின் வேலை. விமானி ஓட்டுவதற்கான கைப்பிடி பூட்டியே இருக்கும்.

அன்று ஒரே பயணி, விமானப் போக்குவரத்தை ஆளும் வானியக்ககத்தின் தலைவர் ஞானவரோதயன். தன்னோட்டி தவறவே தவறாது என்று சட்டம் எழுதி, அதற்காக மூன்று ஊர்களில் சால்வை வாங்கியவர்.

இரண்டாவது கோப்பையை ஊற்றும்போது என்ஜின் நின்றது. விமானத்தின் மூக்கில் காற்றாடி அசையாமல் நின்றது.

"என்ஜின் நலம்," என்றது தன்னோட்டி. என்ஜினுக்குத் தந்த சான்றிதழில் அப்படித்தான் இருந்தது. உயரம் குறையக் கூடாதென்று அது மூக்கைத் தூக்கிப் பிடித்தது. வேகம் எண்பதுக்கு இறங்கியது. எழுபத்தைந்து.

"இன்னும் குறைஞ்சா கல்லு மாதிரி விழுவோம், சார். 'தன்னோட்டி தவறியது'ன்னு நீங்க வாயால சொன்னாத்தான் கைப்பிடி திறக்கும். உங்க சட்டம்தான்."

"பதிவாகுமே அம்மா?"

"ஆகும். சொல்லலைன்னா எதையும் கேட்க நாம இருக்க மாட்டோம்."

அவர் தொண்டையைச் செருமினார். "தன்னோட்டியின் செயல்பாடு, மறுபரிசீலனைக்கு உரிய..."

"ஏற்க இயலாது. என்ஜின் நலம்."

எழுபது. இறக்கைகள் உதறின. தேநீர் அவர் மடியில் கொட்டியது.

"தவறியது! தன்னோட்டி தவறியது!"

பூட்டு விட்டது. சகாயமேரி மூக்கை அழுத்தி வேகம் பிடித்தாள். எதிரே தேயிலைச் சரிவு. மேட்டை நோக்கியே இறக்கினாள். செடிகள் வயிற்றைக் கிழித்தன. ஒரு சில்வர் ஓக் மரம் வலது இறக்கையைப் பிடுங்கிக்கொண்டது. விமானம் நின்றது. பெட்ரோல் வாடை அடித்தது.

ஞானவரோதயன் தன் கைகால்களைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பதவியும் நினைவுக்கு வந்தது.

"நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்," என்றார்.

"நன்றி. என்ஜின் நலம். பயணம் தொடர்கிறது." கதவுகள் படபடவென்று பூட்டிக்கொண்டன. பறக்கும்போது அவை திறக்காது.

"ஐயோ சார்! மறுபடி சொல்லுங்க, பெட்ரோல் ஒழுகுது!"

"பொறும்மா. 'தவறியது' கொஞ்சம் கடுமை. வேற சொல் யோசிக்கிறேன்."

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். "ஏம்மா, எண்ணெய் ஊத்துது, உள்ளேயே உக்காந்திருக்கீங்க? எறங்குங்க!"

"முடியாதுக்கா. சட்டப்படி நாங்க இன்னும் பறந்துட்டிருக்கோம்."

அவள் ஒடிந்த இறக்கையைப் பார்த்தாள். கண்ணை மூடிச் சொல் தேடிக்கொண்டிருந்த ஞானவரோதயனைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கைக்கு அடங்காத கல் ஒன்றைத் தூக்கினாள்.

"பெரியவரைத் தலையைக் குனிஞ்சுக்கச் சொல்லும்மா."